புரிப் பொருத்தம்

கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் ‘பொருத்தம்’ என்ற வார்த்தை ஓயாமல் அடிபடும். தினப் பொருத்தம், கணப் பொருத்தம், ரஜ்ஜுப் பொருத்தம் என்று பத்தையும் பார்த்து முடித்துவிட்டு, பையனுக்கும் பெண்ணுக்கும் மனசு பொருந்துமா என்பதை மட்டும் பார்க்க மறந்துபோன குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கும் வரையில் என்னைப் போன்ற நாவலாசிரியர்களுக்குப் பிழைப்புக்குக் குறைவில்லை. ஆகையால் நான் பொருத்தத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் யாருக்கும் ஆச்சரியம் இராது. ஆனால் இந்தத் தடவை நான் எழுதப்போவது துப்பாக்கிக் குழலுக்கும் குண்டுக்கும் உள்ள பொருத்தத்தைப் பற்றி.

வாசகர்கள் மிரள வேண்டாம். எனக்கும் துப்பாக்கிக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. திண்டுக்கல் மலைக்கோட்டையை வைத்து ஒரு சரித்திரக் கதை எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. கதாநாயகன் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்தாக வேண்டும். அது எப்பேர்ப்பட்ட துப்பாக்கி, அதில் எந்த மாதிரிக் குண்டு, எவ்வளவு தூரம் குறி தவறாமல் போகும் என்று விசாரிக்கப் போனேன். விசாரித்த விஷயம் கதையைவிட ருசியாகிவிட்டது.

நான் விசாரித்தது திண்டுக்கல்லில் இருக்கும் என் சிநேகிதர் ஒருவரிடம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் வாயால் பதில் வராது. “வாங்க, போய்ப் பார்த்துட்டு வருவோம்” என்று செருப்பை மாட்டிக்கொள்வார். முதலில் என்னை மலைக்கோட்டைக்குத்தான் அழைத்துப் போனார்.

அந்த மொட்டைப் பாறையின் மேல் நின்று பார்த்தால் கீழே ஊரும், ஊருக்கு அப்பால் சமவெளியும், ஒரு பக்கம் சிறுமலையும் தெரிகின்றன. 1755-இல் ஹைதர் அலி மைசூர் ராஜ்யத்தின் பௌஜ்தாராக இந்த ஊருக்கு வந்தார். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைதேர்ந்த வேலையாட்களை வரவழைத்து இங்கே ஒரு ஆயுதச் சாலையை ஏற்படுத்தினார். கணவரைப் பறிகொடுத்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார் ஹைதரின் துணையை நாடி வந்ததும் இந்தச் சீமைக்குத்தான். 1790-இல் கும்பெனிப் படை கோட்டையைப் பிடித்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமையே கும்பெனியின் கைக்குப் போயிற்று.

“அதோ அந்தத் தெருவில் சைக்கிள் மிதிச்சுக்கிட்டுப் போறாரே, அவரை உங்க கதாநாயகன் இங்கேயிருந்து சுட முடியுமா?” என்று கேட்டார் சிநேகிதர்.

“சைக்கிள்காரர் என்ன பாவம் செய்தார்?” என்றேன்.

“அவருக்கு ஒண்ணும் ஆகாது. ஹைதர் காலத்துத் துப்பாக்கின்னா நூறு கஜம் வரைக்கும் மனுஷன் குறி பார்க்கலாம். அதுக்கு மேலே கடவுள் விட்ட வழி.”

காரணத்தையும் சொன்னார். அந்தக் காலத்துச் சிப்பாயின் துப்பாக்கிக் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, உருண்டையான ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டிப்பார்கள். சுலபமாக உள்ளே இறங்க வேண்டுமே என்பதற்காகக் குண்டைக் குழலைவிடக் கொஞ்சம் சிறியதாகவே வார்ப்பார்கள். வெடித்ததும் குண்டு குழலுக்குள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மோதிக்கொண்டு வெளியே வரும். கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்குத் தகுந்தபடி காற்றில் எப்படியாவது உருளும்; எங்கேயாவது போகும்.

இதற்கு மாற்று, குழலின் உட்புறத்தில் திருகலாக வரிகளை வெட்டுவது. ரைபிள் என்ற பெயரே அந்த வரிகளால் வந்ததுதான். வரிகளைப் பற்றிக்கொண்டு வெளியே வரும் குண்டு பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே போகும். சுழலும் பம்பரம் சாயாது என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்தத் திருகலுக்கு நம் பாஷையில் ‘புரி’ என்பதைவிட நல்ல வார்த்தை கிடையாது. கயிற்றிலும் புரி உண்டு. வலம்புரிச் சங்கிலும் உண்டு. எத்தனை அங்குல நீளத்துக்குள் வரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பதுதான் குழலின் புரிக் கணக்கு.

“அப்படியானால் புரியை நெருக்கமாக வெட்டிவிட்டால் தீர்ந்தது. நிறையச் சுழலும், நேராகப் போகும்” என்றேன்.

சிநேகிதர் சிரித்தார். மலையிலிருந்து இறங்கியதும் ஒரு கடையில் இரண்டு பம்பரம் வாங்கினார். ஒன்று குட்டையாகக் கொழுக்கட்டை போல இருந்தது. மற்றது ஒல்லியாக, உயரமாக இருந்தது. வீட்டுத் திண்ணையில் இரண்டையும் அவரே சுற்றிவிட்டார். குட்டை மெதுவாகச் சுற்றினாலும் நின்றது. உயரமானது, வேகம் கொஞ்சம் குறைந்தவுடனே தலையை ஆட்டிச் சாய்ந்தது.

குண்டும் இப்படித்தான். உருண்டைக் குண்டுக்கு நீளம், அகலம் என்று வித்தியாசம் இல்லை. கொஞ்சம் சுழற்றிவிட்டால் போதும். நீளமான குண்டுக்கு முன்னால் மூக்கு, பின்னால் வால் என்று வந்துவிடுகிறது. காற்று மூக்கைப் பிடித்துக் கவிழ்க்கப் பார்க்கிறது. அதைத் தடுக்க வேகமான சுழற்சி வேண்டும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. இங்கிலாந்தில் வூலிச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் போதித்த ஜார்ஜ் கிரீன்ஹில் என்ற பேராசிரியர் 1879-இல் சொன்னது. குண்டின் குறுக்களவை அதே அளவால் பெருக்கி, 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்று கிடைக்கும். எல்லா அளவுகளும் அங்குலத்தில்.

கணக்கு என்றால் எனக்கு வேப்பங்காய். ஆனால் இந்தக் கணக்கு எனக்கே வந்தது. அரை அங்குல உருண்டைக் குண்டு என்றால் 75 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் போதும். அதே அரை அங்குலக் கனத்தில் ஒரு அங்குல நீளமுள்ள குண்டு என்றால் 37½ அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஒன்றரை அங்குல நீளம் என்றால் 25 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு நீள நீளப் புரி நெருங்க வேண்டும்.

சரி, எல்லாக் குழலையும் நெருக்கப் புரியாகவே வெட்டிவிட்டால் என்ன? உருண்டைக் குண்டு அதை ஏற்றுக்கொள்ளாது. உருண்டை வரியைத் தொடுவது இடுப்பில் ஒரு வட்டத்தில் மட்டுந்தான். மெழுகோ கொழுப்போ தடவிய துணித் துண்டில் வைத்துத்தான் அதை உள்ளே தள்ளுகிறார்கள். துணிதான் வரியைப் பிடிக்கிறது. புரி நெருக்கமாக இருந்து மருந்தும் அதிகமாகப் போட்டால், குண்டு வரியோடு திரும்ப மாட்டாமல் வரியைத் தாண்டிக்கொண்டு நேராக ஓடிவந்துவிடும். மரையை மீறி ஆணியைச் சுத்தியால் அடித்து இறக்குவது போன்ற காரியம். பிறகு அந்தக் குண்டு சுழலாது.

குறைந்த புரியில் நீளக் குண்டைப் போட்டாலோ, அது காற்றில் தடுமாறிக் குப்புறப் புரண்டுகொண்டு போகும். காகிதக் குறிப்பலகையில் படும்போது மூக்கால் குத்தாமல் பக்கவாட்டில் அறையும். வட்டமான ஓட்டைக்குப் பதிலாக நீள ஓட்டை விழும். துப்பாக்கிக்காரர்கள் அதற்குச் ‘சாவித் துவாரம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டுச் சிநேகிதர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர் அல்லவா! 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது முதல் அவருக்கு இந்தப் பெருமை கொஞ்சம் கூடுதல். நாகல்நகர்ப் பக்கம் மாங்காய்ப் பூட்டுச் செய்யும் ஆசாரி ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் தலை நிமிராமல் அரத்தைத் தேய்த்துக்கொண்டே, “நல்ல சாவின்னு தனியா ஒண்ணு ஏதுங்கய்யா? இந்தப் பூட்டுக்கு நல்ல சாவின்னுதான் சொல்லணும்” என்றாராம்.

வாய் வழியாகக் கெட்டிக்கும் ரைபிளில் இன்னொரு சங்கடமும் இருந்தது. குண்டு உள்ளே போகும்போது குழலைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், அப்போதுதான் இறங்கும். வெளியே வரும்போது குழலைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் வரியைப் பிடிக்கும். இந்த இரண்டையும் ஒரே குண்டு எப்படிச் செய்யும்? துணி சுற்றிச் சுத்தியால் தட்டி இறக்குவதற்குள் எதிரி வந்து தோளில் கை வைத்துவிடுவான். அதனால் பட்டாளங்களில் பெரும்பாலோர் வெகுகாலம் வழவழக் குழலையே வைத்துக்கொண்டு திருப்தியடைந்தார்கள்.

இந்தச் சிக்கலுக்கு வழி கிடைத்த இடம் எது தெரியுமா? நம்முடைய தென்னாடு. பிரிட்டிஷ் பட்டாளத்தின் 34-ஆவது ரெஜிமெண்டில் ஜான் நார்ட்டன் என்று ஒரு காப்டன். அவர் தென்னிந்தியாவில் இருந்தபோது இங்குள்ளவர்கள் ஊதுகுழலால் வேட்டையாடுவதைப் பார்த்தார். குழலுக்குள் வைக்கும் அம்பின் அடிப்பாகத்தில் தாமரைத் தண்டின் நெட்டியை வைத்திருந்தார்கள். வாயால் ஊதியதும் அந்த நெட்டி விரிந்து குழலை அடைத்துக்கொள்கிறது. மூச்சு பக்கவாட்டில் கசியாமல் அம்பை முழுபலத்தோடு தள்ளுகிறது. உள்ளே போகும்போது சிறியது, ஊதும்போது பெரியது! 1823 வாக்கில் நார்ட்டன் அடியில் குழிவுள்ள நீளமான ஈயக் குண்டு ஒன்றைச் செய்தார். வெடித்த மருந்தின் ஆவி குழிவுக்குள் புகுந்து, ஈயத்தின் ஓரங்களை விரித்து வரியோடு ஒட்டவைக்கும். சீமையில் இருந்த ஆயுத அதிகாரிகள் அதை ஒதுக்கித் தள்ளினார்கள். 1830-களில் வில்லியம் கிரீனர் என்ற துப்பாக்கித் தொழிலாளர் வேறு விதமாகச் செய்துகாட்டினார், அதையும் ஒதுக்கினார்கள். 1849-இல் மினியே என்ற பிரெஞ்சுக்காரர் அதே யோசனையைச் செய்தார். பிரிட்டிஷ் சர்க்கார் அவருக்கு 20,000 பவுன் கொடுத்து வாங்கிக்கொண்டது. பிறகு கிரீனர் சண்டை போட்டு 1,000 பவுன் வாங்கினார். ஊதுகுழல்காரர்களுக்கு ஒன்றும் கிடைத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை.

இந்த விரியும் குண்டுக்காகச் செய்யப்பட்டதுதான் 1853-ஆம் வருஷத்து என்பீல்டு ரைபிள். குழலின் துவாரம் 0.577 அங்குலம். நீளம் 39 அங்குலம். புரி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதாவது குண்டு குழலை விட்டு வெளியே வருவதற்குள் சரியாக அரைச் சுற்று. குழிவுள்ள குண்டில் கனம் மூக்குப் பக்கம் கூடுதல். அதனால் இந்தக் கொஞ்சச் சுழற்சியோடு அது நடுத்தரத் தூரத்தைச் சமாளித்தது. தூரம் கூடியதும் சிதறிற்று.

ஜோசப் விட்வொர்த் என்ற பெயர் லேத் பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். 1841-இல் திருகாணிகளின் மரைக்கு ஒரே அளவு விதித்தவர் அவர்தான். கிரிமியா யுத்த சமயத்தில் சர்க்கார் அவரிடம் துப்பாக்கி செய்யும் இயந்திரம் கேட்டது. “எந்தக் குழல் நல்லது என்று முதலில் பார்க்கிறேன், இயந்திரம் அப்புறம்” என்கிற சுபாவம் அவருக்கு. மாஞ்செஸ்டரில் தம் தோட்டத்தில் 500 கஜ நீளத்துக்குக் கூரை போட்டு, வழி நெடுகக் காகிதத் திரைகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு திரையிலும் குண்டு எப்படி நுழைகிறது என்று பார்த்தார். 60 அங்குலத்துக்கு ஒரு சுற்றிலிருந்து ஒரு அங்குலத்துக்கு ஒரு சுற்று வரை வெட்டிப் பார்த்தார்! கடைசியில் வந்து நின்றது 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. துவாரம் 0.451 அங்குலம், அதுவும் வட்டமாக இல்லாமல் அறுகோணம். என்பீல்டு குண்டும் இவருடைய குண்டும் எடை ஒன்றுதான்: 530 கிரெயின், நம் கணக்கில் ஏறக்குறைய மூன்று தோலா. அதே எடையை ஒல்லியாக்கி நீளமாக்கினார். நீளத்துக்குத் தகுந்தபடி புரியை நெருக்கினார். குண்டின் வேகம் நொடிக்கு 1,200 அடி என்று வைத்துக்கொண்டால், என்பீல்டு குண்டு நொடிக்கு 185 தடவை சுழலும். விட்வொர்த் குண்டு 720 தடவை சுழலும்.

1857-இல் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். 500 கஜத்தில் என்பீல்டின் குண்டுகள் சராசரியாக 2.24 அடி விலகின; விட்வொர்த் 0.37 அடி. 1,100 கஜத்தில் என்பீல்டு 8.04 அடி, விட்வொர்த் 2.62 அடி. 1860 ஜூலை 2-ஆம் தேதி விம்பிள்டனில் விக்டோரியா மகாராணியே ஒரு தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைபிளின் விசையைக் கயிற்றால் இழுத்து, 400 கஜத்தில் குறியின் நடுவை ஒட்டிச் சுட்டார்.

அப்படியும் பட்டாளம் அதை எல்லாருக்குமாக எடுத்துக்கொள்ளவில்லை. விலை அதிகம், ஒடுக்கமான குழலில் கருமருந்தின் கசடு சீக்கிரம் அடைத்துக்கொண்டது. இதே காலத்தில் சிந்து தேசத்தில் ஜான் ஜேக்கப் என்ற அதிகாரி, அவர் பெயரால் ஏற்பட்ட ஜேக்கபாபாத் ஊரில், நான்கு ஆழமான வரிகளும் அவற்றில் பொருந்த நான்கு மேடுகள் கொண்ட குண்டுமாக ஒரு ரைபிளைச் செய்வித்து, 2,000 கஜம் வரை சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். 24 அங்குலக் குழலில் ஐந்தில் நான்கு பங்கு சுற்று. அதாவது 30 அங்குலத்துக்கு ஒரு புரி. மேட்டை வரியில் நேராக வைத்து இறக்க நிதானமான கை வேண்டும். 1858-இல் அவர் காலமானதும் அந்த ரைபிளின் காலமும் ஏறக்குறைய முடிந்தது.

இவ்வளவும் புஸ்தக விஷயம். அடுத்த நாள் சிநேகிதர் என்னைத் தம் தாய்மாமன் வீட்டுக்கு அழைத்துப் போனார். சிறுமலை அடிவாரத்தில் ஒரு கிராமம். மாமாவுக்கு எண்பது வயசுக்கு மேல். வீட்டில் ஒரு பழைய துப்பாக்கி உண்டு. மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் அவருடைய பாட்டனார் வாங்கியதாம். வாயால் கெட்டிக்கிற ரகம். லைசென்ஸை முறையாகப் புதுப்பித்துக்கொண்டு வருகிறார். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் போய்த் திருப்பி எடுத்து வருவார். சுட்டு எத்தனையோ வருஷமாகிறது. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு வேட்டைக்கு இடமும் இல்லை.

மாமா துப்பாக்கியோடு ஒரு துருப்பிடித்த இரும்பு அச்சையும் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். குண்டு வார்க்கும் அச்சு.

“மாப்ளே, நீ படிச்சவன். இதைப் பார்த்துச் சொல்லு” என்றார்.

கதை இதுதான். மாமா எட்டு வயசுப் பையனாக இருந்த காலம். அவருடைய சித்தப்பாதான் அந்தப் பக்கத்திலேயே குறி தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவர். கடலைக் காட்டைப் பன்றிகள் கிளறிக்கொண்டிருந்தன. வீட்டில் இருந்தது உருண்டைக் குண்டு வார்க்கும் பழைய அச்சு. யாரோ மதுரையிலிருந்து கூர்மூக்கு நீளக் குண்டு வார்க்கும் அச்சு ஒன்றைக் கொண்டுவந்து, இது இரண்டு மடங்கு தூரம் போகும் என்று சொல்லிக் கொடுத்தார். சித்தப்பா புதுக் குண்டைப் போட்டு, அறுபது கஜத்தில் நின்ற ஒரு பன்றியைச் சுட்டார். நெற்றிக்கு வைத்த குறி, பட்டது இடுப்பில். காயத்தோடு ஓடிய பன்றி மறுநாள் காலை கடலை ஆய வந்த ஒரு பெண்ணின் மேல் பாய்ந்து தொடையைக் கிழித்துவிட்டது. அந்த அம்மாள் பிழைத்தார். ஆனால் கடைசி வரையில் நொண்டித்தான் நடந்தார்.

“சித்தப்பா அதுக்கப்புறம் துப்பாக்கியைத் தொடலை, தம்பி” என்று என் பக்கம் திரும்பினார் மாமா. “வருஷா வருஷம் அந்த அம்மா வீட்டுக்கு ஒரு மூட்டை கடலை போயிரும். இவரு சாகற வரைக்கும் அனுப்பினாரு. ஊருக்குள்ளே என்ன சொன்னாங்க தெரியுமா? சாராயத்தைக் குடிச்சுட்டுச் சுட்டாருன்னு சொன்னாங்க. அவரு வெத்திலைகூடப் போடாத மனுசன்.”

சிநேகிதர் ஒன்றும் பேசவில்லை. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று முதலில் கம்பியை விட்டுப் பார்த்தார். கம்பி குழலின் அடிவரை இறங்கிற்று. மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. பிறகு கம்பியின் நுனியில் எண்ணெய் தடவிய துணியை இறுகச் சுற்றினார். மேல் முனையில் குறுக்காக ஒரு சின்னக் குச்சியைக் கட்டினார், கடிகார முள் மாதிரி. கம்பியை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துத் தள்ளினார். துணி வரிகளைப் பற்றிக்கொண்டு திரும்ப, குச்சியும் மெல்லத் திரும்பிற்று. கிழக்கே பார்த்திருந்த குச்சி, கம்பி 33 அங்குலம் இறங்கி அடியைத் தொட்டபோது மேற்கே பார்த்தது.

“அரைச் சுற்று. அப்படின்னா 66 அங்குலத்துக்கு ஒரு புரி” என்றார். அச்சைத் திறந்து அளந்தார். குறுக்களவு அரை அங்குலம். நீளம் ஒரு அங்குலம்.

முதல் நாள் போட்ட கணக்கு எனக்கு ஞாபகம் இருந்தது. உருண்டைக்கு 75 போதும். இந்தக் குழலின் 66 தாராளம். நீளக் குண்டுக்கு 37½ வேண்டும். இந்தக் குழல் அதைச் சுழற்ற முடியாது. அறுபது கஜம் போவதற்குள் அது குப்புறப் புரண்டிருக்கும்.

கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கும் பேரன் அதுவரை தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப கொள்ளுத்தாத்தா குறி தப்பலை, தாத்தா. குண்டுதான் தப்பு” என்றான்.

சிநேகிதர் உடனே தலையை ஆட்டிவிடவில்லை. “குண்டு மேலேயும் தப்பில்லை, குழல் மேலேயும் தப்பில்லை. வேற குழல்லே போட்டிருந்தா அதே குண்டு நேராப் போயிருக்கும். இந்தக் குழல்லே பழைய குண்டைப் போட்டிருந்தாலும் நேராப் போயிருக்கும். ரெண்டையும் ஒரு தடவை பலகையிலே சுட்டுப் பார்த்திருந்தா, சாவித் துவாரம் சொல்லியிருக்கும். பார்க்காம காட்டுக்குக் கொண்டு போயிட்டாரு” என்றார்.

மாமா வெகுநேரம் அந்த அச்சைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு, “குடிச்சுட்டுச் சுடலை. அது போதும்” என்றார். உள்ளே பார்த்து, எங்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னார். திரும்பி வரும்போது நான் பஸ்ஸில் வாய் திறக்கவில்லை. எழுபது வருஷத்துப் பழியில் பாதியை ஒரு கம்பியும் துணியும் துடைத்ததைப் பார்த்த பிறகு, என்ன பேசுவது?

குழலும் குண்டும் பொருந்திவிட்டால் எல்லாம் ஆயிற்றா என்றால், இல்லை. 1874 செப்டம்பர் 26-ஆம் தேதி அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த கிரீட்மோரில் ஒரு பந்தயம். அயர்லாந்துக்காரர்கள் வாயால் கெட்டிக்கும் ரிக்பி ரைபிள்களோடு வந்தார்கள். நெருக்கப் புரி, நீளக் குண்டு. அந்த ரகத்தில் அதற்கு மிஞ்சியது கிடையாது. அமெரிக்கர்கள் பின்பக்கம் கெட்டிக்கும் புது ரகத்தைக் கொண்டுவந்தார்கள். 800, 900, 1,000 கஜம். அமெரிக்கர்கள் 934, அயர்லாந்துக்காரர்கள் 931. 900 கஜத்தில் ஓர் அயர்லாந்துக்காரர் நடுப்புள்ளியில் அருமையாகச் சுட்டார். ஆனால் பக்கத்துப் பலகையின் நடுப்புள்ளி! அதற்குச் சூன்யம் போட்டார்கள். தம் பலகையில் சுட்டிருந்தால் நான்கு புள்ளிகள். வெற்றி அவர்களுடையது.

இதாவது விளையாட்டு, தோற்றவர்கள் கைகுலுக்கிவிட்டுக் கப்பலேறினார்கள். இதற்குப் பதினேழு வருஷம் முன்னால் நம் தேசத்தில் நடந்தது விளையாட்டல்ல.

என்பீல்டு ரைபிளின் குண்டு 0.568 அங்குலம், குழல் 0.577. நடுவில் இருக்கும் அந்த நூலிழை இடைவெளியைக் காகித உறையும் அதன் மேல் தடவிய கொழுப்பும் நிரப்பின. கொழுப்பு இல்லாவிட்டால் குண்டு இறங்காது. சிப்பாய் தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, பிறகு குண்டை இறக்க வேண்டும். குழலுக்கும் குண்டுக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பொருத்தம் பார்த்தவர்கள், கொழுப்புக்கும் கடிக்கிற வாய்க்கும் பொருத்தம் பார்க்கவில்லை. 1853-லேயே வங்காளப் பட்டாளத்தின் உயர்ந்த அதிகாரி ஒருவர் இந்தக் கொழுப்பு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்கும் முன்பு, 1806-இல், நம் வேலூரிலேயே தோல் வைத்த புதுத் தலைப்பாகையைச் சிப்பாய்களின் தலையில் திணிக்கப்போய் என்ன விளைந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

1857 ஏப்ரல் 24-ஆம் தேதி மீரட்டில் 90 குதிரைப்படைச் சிப்பாய்களை நிறுத்தித் தோட்டாவை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதற்குள் கடிக்க வேண்டியதில்லை, கையால் கிழித்தால் போதும் என்று விதியை மாற்றியிருந்தார்கள். அன்று நீட்டப்பட்டவை புது என்பீல்டுத் தோட்டாக்கள்கூட அல்ல. அவர்கள் வழக்கமாக உபயோகித்து வந்த பழைய ரகந்தான். அப்படியும் 85 பேர் தொட மறுத்தார்கள். மே 9-ஆம் தேதி அணிவகுப்பு மைதானத்தில் எல்லார் கண்முன்னும் உடுப்பைக் களைந்து காலில் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை மூண்ட நெருப்பு டில்லி வரையில் போயிற்று.

தென்னாட்டு ஊதுகுழலின் தாமரைத் தண்டில் தொடங்கிய ஒரு யோசனை, சீமைக்குப் போய், பிரான்ஸுக்குப் போய், ஈயமாகவும் கொழுப்பாகவும் திரும்பி வந்தபோது அதைக் கையில் வாங்க இங்கே ஆள் இல்லை. குழலில் எத்தனை புரி என்று தெரிந்துகொள்ள ஒரு கம்பியும் கொஞ்சம் துணியும் போதும். அதை மாமா வீட்டுத் திண்ணையில் கண்ணாரப் பார்த்தேன். மனிதர்களிடம் அந்தச் சோதனை செல்லாது. அவர்களை வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்ட பிறகு பதில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். மீரட்டில் கேட்டார்கள்; ஆனால் கையில் விலங்கைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டார்கள்.